திங்கட்கிழமைத் தண்ணீர்

திங்கட்கிழமைதான் எனக்கு வேலை அதிகம்.
வெள்ளி இரவு ஆடியது, சனி இரவு ஓடியது
எல்லாம் கழிந்து
குழாய் குழாயாய் இறங்கி
ஸ்கெல்ட் ஆற்றுக்குப் போகும் வழியில் மடக்கப்பட்டு
குளிர்பெட்டியில் என் மேசைக்கு வரும்:
ஆன்ட்வெர்ப் நகரம், அரை லிட்டர்.

உடம்பு கோகெயினை வைத்துக்கொள்வதில்லை.
உடைத்து, பெயர் மாற்றி,
சிறுநீரில் அனுப்பிவிடும்.
அந்த மாற்றுப்பெயரைத்தான் எண்ணுகிறேன்.
கூடவே குடித்திருந்தால் இன்னொரு பெயர்,
இதயத்துக்கு இன்னும் பொல்லாதது.
ஆயிரம் பேருக்கு இத்தனை மில்லிகிராம் என்று
கட்டங்களில் நிரப்புவேன்.
கட்டத்துக்கு மூக்கு கிடையாது.

என் தம்பி யோரிஸுக்கு இருந்தது.
சமையற்காரன் மூக்கு.
மட்டி வேகும் சட்டியின் மூடியைத் திறக்காமலே
செலரி போதவில்லை என்பான்.

இரட்டை ஷிப்டில் யாரோ நீட்டியதுதான் முதல் கோடு.
அரை மணி நேரம் நான்கு கை முளைத்தது என்றான்.
பிறகு
இருந்த இரண்டும் கனத்தன.
அதை நிமிர்த்த இன்னொரு கோடு,
அதை நிமிர்த்த இன்னொன்று.
பசி போனது. தூக்கம் போனது.
தாடை மட்டும் இல்லாத எதையோ மென்றது.
குளிர்சாதனப் பெட்டியின் உறுமலில்
தன் பெயர் கேட்கிறது என்று
ஒரு நாள் அதன் பிளக்கைப் பிடுங்கிப் போட்டான்.

தலையணை உறையில் சிவப்புப் புள்ளிகள்.
உறங்கினால் மூக்கில் ஒரு விசில்,
தொலைவில் யாரோ நாயைக் கூப்பிடுவதுபோல்.
மருத்துவர் ஒரு துளையில் விளக்கைப் பிடித்தார்.
வெளிச்சம் மறு துளை வழியே வந்தது.
நடுவில் இருந்த சுவர்
எப்போது போனதென்று வீட்டுக்காரனுக்கே தெரியவில்லை.

கெட்ட மட்டியை அவன் பரிமாறியது அந்த வாரம்தான்.
மூன்று மேசைகள் வாந்தி.
முகர்ந்தேனே, முகர்ந்தேனே என்றான்.
பொய் இல்லை. முகரத்தான் செய்தான்.

பிப்ரவரி. விடிகாலை நான்கு.
குளியலறைத் தரையில் கிடந்தான்,
இடது தோளைப் பிடித்துக்கொண்டு.
வாயு, அக்கா, வெறும் வாயு.
வயது முப்பத்து மூன்று.
ஆம்புலன்ஸ் பெண்ணின் சட்டையில்
ஃபாத்திஹா என்று எழுதியிருந்தது.
என்ன எடுத்தான்? என்று கேட்டாள்.
அம்மா கதவருகே நின்றிருந்தாள், இரவு உடையில்.
நான்
நகரம் முழுவதன் கணக்கையும்
தசமத்துக்கு மூன்று இலக்கம் வரை எழுதுகிறவள்
ஒன்றுமில்லை என்றேன்.
ரொம்ப வேலை, அசதி.

அவள் நிமிரவில்லை.
சில மருந்துகளை நான் கொடுக்கக் கூடாது,
கொடுத்தால் ரத்தக்குழாய் இன்னும் இறுகும்,
போலீஸுக்காகக் கேட்கவில்லை என்றாள்.
ஊசி அவள் கையில் காத்திருந்தது.

சொன்னேன்.
எத்தனை மணிக்கு, எவ்வளவு, கூட ஜின்.
அம்மாவைப் பார்க்காமல் சொன்னேன்.

பிழைத்தான்.
இதயத்தில் ஒரு தசைப்பட்டை இனி துடிக்காதாம்,
மற்றவை அதையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகுமாம்.
இப்போது பாத்திரம் கழுவுகிறான் ஒரு பள்ளிக்கூடத்தில்.
காப்பியை நாக்கால் மட்டும் குடிக்கிறான்.
நிறுத்திவிட்டேன் என்கிறான்.
சென்ற வாரம் கழிப்பறையில் வெகுநேரம் இருந்தான்.
நான் கதவைத் தட்டவில்லை.
தட்டியிருக்கலாம்.

இன்று திங்கள்.
போன வாரத்தைவிட எண் கொஞ்சம் குறைவு.
மழையாக இருக்கும், மழை எதையும் நீர்க்கவைக்கும்.
இருந்தும் இரண்டாம் முறை ஓடவிட்டேன்
அதே அரை லிட்டரை.
இத்தனை லட்சம் பேரில்
ஒருவன் இல்லாததைக் காட்டும் கருவி
எங்களிடம் இல்லை.
புட்டியைக் கழுவிக் கவிழ்த்தேன்.
செவ்வாய்க்கிழமையுடையது ஏற்கெனவே
வாசலில் வந்து இறங்கியிருந்தது.